விருந்தினரா, வேலையாளா? – ‘வேலை விடுமுறை’ விசாவின் வரலாறு

ஓதற்குப் பிரிதல், தூதிற் பிரிதல், பகைவயிற் பிரிதல், பொருள்வயிற் பிரிதல் எனத் தமிழிலக்கணம் பிரிவினைக் காரணம் பற்றி வகுத்துக் காட்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் இவ்வகைகளை மனப்பாடம் செய்தவன் நான். ஆயினும், இவற்றுள் எதிலும் அடங்காத ஒரு பிரிவு உண்டென்பதை எனக்கு உணர்த்தியவர் இலக்கண ஆசிரியர் அல்லர். பால்மரம் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு தந்தை.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன், பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு என்னைக் காணப் பள்ளிக்கு வந்தான். ஓராண்டுக் காலம் ஆஸ்திரேலியாவில் தங்க விண்ணப்பம் செய்யப் போவதாகவும், தன் தந்தைக்கு அதனை விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டான். உடன் வந்திருந்த தந்தை, நான் பேச வாய் திறக்குமுன்பே ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, இவன் அங்கே வேலைக்குப் போகிறானா, ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறானா? ரெண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள்.”

மகன் “இரண்டும்தான்” என்றான். தந்தை தலையை அசைத்தாரேயன்றி அவர் மனம் அசையவில்லை. அன்று என்னாலும் தெளிவான மறுமொழி கூற இயலவில்லை. பின்னர் இவ்விசாவின் வரலாற்றைத் தேடிப் படித்த பொழுது, அத்தந்தை கேட்ட கேள்வியே அவ்வரலாற்றின் கருவாக இருப்பதைக் கண்டேன். ‘வேலை’, ‘விடுமுறை’ என்னும் இரு சொற்களுள் எது தலைமை பெறுகிறது என்பதைப் பொறுத்தே, செல்லும் இளைஞர் விருந்தினராகவோ வேலையாளாகவோ ஆகின்றனர். அதனை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்கப் புறப்பட்ட கால்கள்

படிப்பு முடிந்த பின்னும் குடும்பப் பொறுப்பு ஏற்குமுன்னும் சில காலம் உலகைச் சுற்றிவரும் வழக்கம் புதியதன்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பாரிசு, உரோமை முதலிய நகர்களுக்கு ஆசானோடு சென்று, கலையும் மொழியும் பயின்று திரும்பினர். அவர்களுக்குத் தந்தையின் பணம் துணை நின்றது. உழைக்க வேண்டிய தேவை இல்லை. செருமானிய நாடுகளிலோ, தச்சர், கொத்தர் முதலிய கைவினைத் தொழிலில் பயிற்சி முடித்த இளைஞர் ஊர் ஊராக நடந்து, பல கைதேர்ந்தோரிடம் வேலை செய்து, தொழில் நுட்பம் கற்றுத் திரும்பும் வழக்கம் இருந்தது. அவர்களுக்குத் தம் கையே துணை.

செல்வன் மகன் பார்த்தான். தொழிலாளி மகன் உழைத்தான். இவ்விரு மரபுகளையும் ஒரு தாளில் இணைத்ததே இருபதாம் நூற்றாண்டின் ‘வேலை விடுமுறை’ எனலாம். கையில் பணமில்லாத இளைஞனும் வழிச்செலவுக்கு அங்கங்கே உழைத்து உலகைக் காணலாம் என்பதே அதன் நல்ல உள்ளம்.

இலண்டன் நோக்கிய கப்பல்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து இளைஞர் பலர் கப்பலேறி இங்கிலாந்து சென்றனர். கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாகச் செல்லும் அக்கடற்பயணம் பல வாரங்கள் நீடித்தது. இலண்டனில் அவர்கள் மிகுதியாகத் தங்கிய ஏர்ல்ஸ் கோர்ட் பகுதிக்குக் ‘கங்காருப் பள்ளத்தாக்கு’ என்றே பட்டப்பெயர் வழங்கிற்று. மதுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் சில மாதம் வேலை செய்வர். சேர்த்த பணத்தில் ஐரோப்பாவைச் சுற்றுவர். பின்னர் ஊர் திரும்பி வாழ்வைத் தொடங்குவர். அக்காலத்தில் அவர்களுக்கு இதற்கெனத் தனி விசா தேவைப்படவில்லை. முடியாட்சியின் குடிகள் என்னும் முறையில் பிரிட்டனுக்குள் தடையின்றிச் செல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

அவ்வுரிமை மலாயாவிலும் இந்தியாவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இருந்தோர்க்கும் ஏட்டளவில் இருந்ததே. கறுப்பரும் ஆசியரும் அவ்வுரிமையைப் பயன்படுத்தி வரத் தொடங்கியதும் பிரிட்டன் கதவை ஒருக்களித்தது. 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் முதற் கட்டுப்பாட்டை விதித்தது. 1971ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் அதனை இறுக்கிற்று. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1973 சனவரி 1ஆம் நாளிலேயே பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலும் சேர்ந்தது. நேற்றுவரை உறவினராய் இருந்த ஆஸ்திரேலியர் வரிசையில் நிற்க, பிரெஞ்சுக்காரரும் செருமானியரும் எளிதாக உள்ளே செல்லும் நிலை வந்தது. இந்த மனக்குறையால் 1972 நவம்பரில் நாடாளுமன்றத்தில் குடிநுழைவு விதிகள் தோற்கடிக்கப்பட்டன. பின்னர்த் திருத்தி எழுதப்பட்டன. பாட்டனோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால் சலுகை என்னும் ஏற்பாடு இவ்வாறு பிறந்ததே. இளங் காமன்வெல்த் குடிகள் ‘வேலை விடுமுறை’ கொள்வதற்கும் அவ்விதிகள் இடமளித்தன. விடுமுறையே முதன்மை, வேலை அதற்குத் துணை என்பதே அதன் கொள்கை.

1975: ஒரு கதவு திறக்கிறது

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1901ஆம் ஆண்டு முதல் அந்நாடு ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்னும் கொள்கையைக் கடைப்பிடித்து வந்தது. வெள்ளையர் அல்லாதாரை வெளியே நிறுத்த, அவர் அறியாத ஐரோப்பிய மொழியொன்றில் சொல்வதெழுதச் செய்யும் தேர்வு அக்கொள்கையின் கருவியாயிருந்தது. மொழியைக் கற்பிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இதைவிட வேதனை தரும் செய்தி வேறில்லை. மாணவர்க்கு வாயில் திறக்க வேண்டிய சொல்வதெழுதல், ஒரு நாட்டின் வாயிலை அடைக்கும் தாழ்ப்பாளாகப் பயன்பட்டது. அத்தேர்வு 1958இல் கைவிடப்பட்டது. கொள்கையின் எஞ்சிய சின்னங்களை 1973இல் விட்லம் அரசு நீக்கிற்று.

இரண்டாண்டு கழித்து, 1975இல், ஆஸ்திரேலியா தன் வேலை விடுமுறைத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் அழைப்புப் பெற்றோர் பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் இளைஞர். நிறவேறுபாடு சட்டத்திலிருந்து அகன்றிருந்தது உண்மை; ஆயினும் விருந்துக்கு முதலில் அழைக்கப்பட்டோர் பழைய உறவினரே என்பதும் உண்மை. இவை இருபுற ஏற்பாடுகள்; ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாருக்குத் தரும் இடத்துக்கு ஈடாகத் தம் இளைஞருக்கும் அங்கே இடம் பெறுவர். வந்தவர் ஓராண்டு தங்கலாம். பணம் குறையுங்கால் வேலை செய்யலாம். வேலை பிடிக்காவிடின் விட்டு விலகி வேறிடம் போகலாம். இக்கடைசி வரியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

1980: பகைவர் பிள்ளைகள் விருந்தினராதல்

இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் ஈர்த்த அதிகாரம் ஜப்பானுடையது. 1942 பிப்ரவரியில் ஜப்பானிய விமானங்கள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர்மீது குண்டு பொழிந்தன. அதே மாதம் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியப் போர்வீரர் சிறைப்பட்டனர். அவர்களுள் பலர் சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 2,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் அங்கே மாண்டனர். நம் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் எத்துணை ஆயிரவர் அக்காட்டில் பெயரின்றிப் புதைந்தனர் என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அப்போர் முடிந்து 35 ஆண்டுகளே கடந்த நிலையில், 1980 டிசம்பரில், ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் தம் இளைஞரை வேலை விடுமுறையில் பரிமாறிக்கொள்ளத் தொடங்கின. ஜப்பானுக்கு இதுவே இவ்வகையின் முதல் ஏற்பாடு; நியூசிலாந்துடன் 1985இலும் கனடாவுடன் 1986இலும் அது தொடர்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கோ, ஆசிய நாடொன்றின் இளைஞரை இத்திட்டத்தில் வரவேற்றது அதுவே முதன்முறை. ஜப்பானியர் இதனைச் சுருக்கி ‘வாஹோரி’ என்று வழங்குகின்றனர். மக்கள் நாவில் ஒரு சொல் சுருங்குவது, அது வாழ்வில் கலந்துவிட்டதன் அடையாளமன்றோ! போரில் தந்தையை இழந்த ஒருவரின் கடையில், எதிரி நாட்டு வீரன் ஒருவனின் பேரன் தட்டுக் கழுவி, மாலையில் அவ்வீட்டாரோடு உணவருந்த வாய்ப்புண்டாயிற்று. இத்திட்டத்தின் பெருமை எது என்று கேட்பார்க்கு இதனையே காட்டுவேன்.

தோட்டம் அழைத்தது

தென்கொரியா 1995இல் சேர்ந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. தொடக்கத்தில் ஒரு சில ஆயிரமாயிருந்த எண்ணிக்கை பெருகி, 2012–13ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா வழங்கிய இவ்வகை விசாக்கள் இரண்டரை இலட்சத்தைத் தாண்டின. முதுகுப்பை சுமந்த இந்த இளையோரை நாட்டின் பழத்தோட்டங்கள் கண்டுகொண்டன. மில்டூராவில் திராட்சை, போவனில் தக்காளியும் மாம்பழமும், பண்டபர்க் வட்டாரத்தில் காய்கறி எனப் பருவந்தோறும் பறிக்க ஆள் தேவை. உள்ளூரார் வர மறுத்த வேலைக்கு வழிப்போக்கர் கிடைத்தனர்.

குயின்சுலாந்து மாநிலத்தின் கரும்பு நிலங்களுக்கு இது முதல் அனுபவமன்று. 1863 முதல் 1904 வரை தென்கடல் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 62,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் அங்கே கரும்பு வெட்டினர். ஆள்கடத்தலும் அதில் கலந்திருந்தது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை பிறந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

அக்கரும்பு நாட்டைச் சேர்ந்த சில்டர்ஸ் என்னும் சிற்றூரில், 2000ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் அதிகாலையில், பழம் பறிக்க வந்த இளையோர் தங்கியிருந்த விடுதி ஒருவனால் தீ வைக்கப்பட்டு எரிந்தது. பதினைந்து பேர் இறந்தனர். பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா ஆகிய ஆறு நாடுகளின் பிள்ளைகள். தீ வைத்தவன் தண்டிக்கப்பட்டான். ஆனால் எச்சரிக்கை மணி இயங்காதிருந்ததும், வெளியேறும் வழி அடைபட்டிருந்ததும் பின்னர் வெளிப்பட்டன. மலிவான படுக்கையில் நெருக்கி அடைக்கப்பட்ட இந்த உழைப்பாளிகளின் பாதுகாப்பு எவர் பொறுப்பு என்ற வினா அன்று எழுந்தது. மீண்டும் கட்டப்பட்ட அவ்விடத்தில், இறந்த பதினைவரையும் தீட்டிய ஓவியமொன்று நினைவுச் சின்னமாக உள்ளது.

ஒரு கையொப்பத்தின் விலை

2005 நவம்பரில் ஒரு புதுவிதி வந்தது. நாட்டுப்புறப் பகுதியில் மூன்று மாதம் பருவ வேலை செய்தால், மற்றோராண்டு தங்க இரண்டாம் விசா பெறலாம் என்பதே அது. இளைஞர் வழக்கில் இது ‘88 நாள்’ எனப் பெயர் பெற்றது. தோட்டக்காரருக்கு ஆள், இளைஞருக்குக் கூடுதல் காலம். இருவருக்கும் நன்மை என்றே தோன்றும். ஆயினும் அந்நாள்களைச் செய்து முடித்தமைக்கு முதலாளியின் சான்று வேண்டும். அந்த இடத்தில்தான் சொற்களின் தலைமை மாறியது. விடுமுறைக்கு வேலை துணை என்றிருந்தது போய், விடுமுறையை வேலையால் வாங்க வேண்டியதாயிற்று. பிடிக்காத வேலையை விட்டு விலகும் உரிமை ஏட்டில் இருந்தது. நடைமுறையிலோ, விலகினால் நாள் கணக்குப் போகும், சான்று போகும்.

விளைவு என்ன? அந்நாட்டு அரசின் நியாய வேலைக் குறைதீர்ப்பு அலுவலகம் 2016இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கருத்துக் கேட்கப்பட்ட விசாதாரருள் நூற்றுக்கு 35 பேர் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்றதாகக் கூறினர். 14 பேர் நாட்டுப்புற வேலை பெற முன்பணம் கட்ட நேர்ந்தது என்றனர். 6 பேர் கையொப்பத்துக்கே முதலாளிக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது என்றனர்.

இதைப் படித்த பொழுது, நம் முன்னோர் வரலாறு என் நினைவுக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அவன் கடன் இவ்வளவு, அது தீர்ந்தால் விடுவிப்போம் என்று எழுதிய அத்துண்டு வேண்டும். அது துரையின் கையில். அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மலாயாவிலோ ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்படும்வரை, வேலையை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. பின்னர் வந்த கங்காணி முறையில், பிரட்டுக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்ற கங்காணிக்கு, ஆள் ஒரு மனிதன் என்பதைவிட ஒரு தலை என்பதே கணக்கு. இன்று ஆஸ்திரேலியத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரருள் சிலரும் இக்கணக்கையே போடுகின்றனர்.

ஒப்பிடுதல் வேறு, சமமெனக் கூறுதல் வேறு. வறுமையால் துரத்தப்பட்டுக் கப்பலேறிய நம் மூதாதையர் துயரையும், திரும்புவதற்குப் பயணச்சீட்டும் வீடும் உள்ள ஓர் இளைஞனின் தொல்லையையும் ஒரே தராசில் நிறுத்துவது நேர்மையன்று. ஆனால், விலகிச் செல்லும் உரிமை ஒரு தாளில் அடங்கி, அத்தாள் முதலாளியின் கையில் சேருமானால், நாடும் காலமும் எதுவாயினும் ஒரே வகைத் தீமை முளைக்கிறது. இதுவே இரு வரலாறுகளும் ஒருமித்துக் கூறும் பாடம்.

திருத்தமும் நிகழ்ந்தது. 2015 டிசம்பர் முதல், கூலியில்லாத் தொண்டு வேலை அந்நாள் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. எத்தனை கூடை பறித்தாலும் குறைந்தபட்ச மணிக்கூலி உறுதி என்னும் விதி 2022 ஏப்ரலில் பழத்தோட்டங்களுக்கு வந்தது. அதே வேளை, 2019இல் இரண்டாமாண்டில் ஆறு மாதம் இத்தகைய வேலை செய்வோர்க்கு மூன்றாம் ஆண்டும் வழங்கப்பட்டது. கட்டு தளர்ந்ததும் உண்டு, நீண்டதும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா நோயால் எல்லை மூடியபோது, பழம் மரத்திலேயே அழுகும் என்று தோட்டக்காரர் அஞ்சிக் குரலெழுப்பினர். ‘விடுமுறை’ என்னும் சொல்லுக்குள் எவ்வளவு ‘வேலை’ ஒளிந்திருந்தது என்பதை அக்குரல் உலகுக்குக் காட்டிற்று.

இரு வாயில்கள்

ஆஸ்திரேலியா 2003 முதல் இன்னொரு விசா வகையையும் நடத்துகிறது. முதல் வகையின் எண் 417. இரண்டாம் வகையின் எண் 462. பிரிட்டன், பிரான்சு, செருமனி, ஜப்பான், கொரியா, தைவான் உள்ளிட்ட 19 நாடு, நிலப்பகுதிகளுக்கு உரிய முதல் வகைக்குப் பட்டமும் வேண்டா. ஆண்டு வரம்பும் இல்லை. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, சீனா முதலியவற்றுக்கு உரிய இரண்டாம் வகைக்கோ, பொதுவாகப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டேனும் பயின்றிருக்க வேண்டும்; ஆங்கிலத் திறன் காட்ட வேண்டும்; ஆண்டுக்கு இத்தனை பேர் என்னும் எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும். மலேசியர்க்கு 1,100 இடங்கள்; சிங்கப்பூரர்க்கு 2,500. 2024இல் சேர்ந்த இந்தியாவுக்கு 1,000; அதுவும் குலுக்கல் முறையில். இரண்டாம் வகையைச் சேர்ந்த அமெரிக்கருக்கு மட்டும் எண்ணிக்கை வரம்பு இல்லை. பிரிட்டன் இளைஞர்க்கோ, 2023 முதல் வயது வரம்பு 35 ஆயிற்று. 2024 சூலை முதல் தோட்ட வேலை நிபந்தனையின்றியே மூன்றாண்டு தங்கலாம். 1975இல் முதலில் அழைக்கப்பட்டவர்க்கே கட்டு முதலில் அவிழ்ந்தது.

பிரிட்டனின் வாயிலையும் காண்போம். காமன்வெல்த் வேலை விடுமுறைத் திட்டம் சட்டப்படி மலேசியருக்கும் இந்தியருக்கும் உரியதே. ஆயினும் நடைமுறையில் அதனை மிகுதியும் நுகர்ந்தோர் ஆஸ்திரேலியர், நியூசிலாந்தர், தென்னாப்பிரிக்கர். 2003இல் விதிகள் தளர்த்தப்பட்டு வயது வரம்பு 30 ஆயிற்று. எவ்வேலையும் செய்யலாம் என்றாயிற்று. பிற காமன்வெல்த் நாட்டாரும் பெருமளவில் விண்ணப்பிக்கவே, 2005இல் விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டன. 2008 நவம்பரில் அத்திட்டமே மூடப்பட்டு, வேறொரு திட்டம் வந்தது. அதன் முதல் பட்டியலில் இடம்பெற்றவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, ஜப்பான் என்னும் நான்கு நாடுகளே. நம் மாணவர்க்கு ஏட்டளவிலேனும் திறந்திருந்த கதவு அன்று சாத்தப்பட்டது. அதனை அறிந்தோர் நம்முள் சிலரே. இருந்ததே தெரியாதபோது இழந்தது எங்ஙனம் தெரியும்?

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து ஆசிரியராகிய நாம் கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, வாயில் இருக்கிறது என்பதை மாணவர்க்கு அறிவித்தல். நாம் கற்பிக்கும் உலகப் படத்தில் நம் பிள்ளைகளுக்கு இரண்டே பயணங்கள் தெரிகின்றன: வசதியுள்ளவன் மேற்படிப்புக்குப் போவது, இல்லாதவன் பிழைப்புக்குப் போவது. பிழைப்புக்கென்று போவோருள் சிலர், சுற்றுலா அனுமதியில் நுழைந்து ஆஸ்திரேலியத் தோட்டங்களில் முறையின்றி உழைத்து ஏமாற்றப்படும் செய்திகளை நாளேடுகளில் படிக்கிறோம். முறையான வழி அறியாதவனுக்கு முகவரே கங்காணியாகிறார்.

மற்றொன்று, வாயிலுக்குள் செல்வோன் எதனைக் கையிலிருந்து விடக்கூடாது என்பதைக் கற்பித்தல். கடப்பிதழைப் பிறரிடம் ஒப்படைத்தல் ஆகாது. வேலைக்கு முன்பணம் கட்டுதல் ஆகாது. கூலிச்சீட்டைச் சேர்த்து வைத்தல் வேண்டும். திரும்பும் பணத்தைத் தனியே வைத்தல் வேண்டும். இவை சிறு செய்திகள் போல் தோன்றலாம். விருந்தினரையும் கட்டுண்ட கூலியையும் பிரிக்கும் கோடு இச்சிறு செய்திகளில்தான் ஓடுகிறது.

என் மாணவன் சென்றான்; ஓராண்டு கழித்துத் திரும்பினான். ஒரு தோட்டத்தில் கூலிக் கணக்கு ஒத்துவரவில்லை என்றும், மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறி வேறோர் ஊருக்குப் போய்விட்டதாகவும் அவன் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “எங்க தாத்தாவுக்கு அந்தப் பஸ் இல்லாமல் போச்சுங்க, ஐயா” என்றார்.

அவர் முன்பு கேட்ட கேள்விக்கு அவரே விடை கண்டுவிட்டார் என்று அறிந்தேன்.